பிரேக் ஆயில் குறைந்தால் ஊற்றுவது மட்டும் போதாது

பழைய காரில் பிரேக் ஆயில் குறைந்தால் கொஞ்சம் ஊற்றிவிட்டுக் கிளம்புவது பலருக்கும் பழக்கம். பிரேக் ஆயில் சும்மா ஆவியாகிப் போகாது. பேட் தேய்ந்திருந்தால் டப்பாவில் அளவு இறங்கும். இல்லையேல் எங்கோ கசிகிறது. எது என்று பார்க்காமல் ஊற்றினால் கோளாறு மறையுமே தவிர, தீராது.

பெடலில் தெரியும் அறிகுறிகள்

• மிதித்தால் பஞ்சுபோல் அமுங்குகிறதா? லைனில் காற்று புகுந்திருக்கலாம்.
• அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெல்ல இறங்குகிறதா? மாஸ்டர் சிலிண்டரிலோ வேறெங்கோ கசிவு. அந்த வண்டியை ஓட்டக் கூடாது.
• வழக்கத்தைவிட இறுக்கமா? பூஸ்டரையும் அதன் வாக்குவம் ஹோஸையும் பார்க்கச் சொல்லுங்கள்.
• வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா? காலிப்பர் சிக்கியிருக்கலாம்.
• இரும்பு உரசும் சத்தமா? பேட் தீர்ந்து டிஸ்க்கை அரைக்கிறது.

மலைப்பாதையில் ஆபத்து

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது; ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140 வரை இறங்கலாம். ஊட்டி, கொடைக்கானல் இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் ஆயில் கொதித்து, பெடல் தரையைத் தொட்டுவிடும். சிறிய கியரில் இறங்குங்கள். பொதுவாக 2 ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை முழுதாக மாற்றுங்கள். அவசரத்துக்குக்கூட என்ஜின் ஆயில் ஊற்றாதீர்கள். ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுப்போகும்.

பட்டறையில்

பேட், ஷூ எதுவானாலும் இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். வீல் சிலிண்டர் கசிந்து ஆயில் பட்ட ஷூவைத் துடைத்து மாட்ட விடாதீர்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். கோளாறு தெரிந்தே வண்டியை ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 190ஆம் பிரிவின்படி குற்றம். 15 ஆண்டு முடிந்து ஆர்சி புதுப்பித்த காரும் இதற்கு விலக்கல்ல.

வேலை சரியில்லை என்றால்

பணம் வாங்கிக்கொண்டு அரைகுறையாகச் செய்த வேலை, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு. முதலில் பட்டறைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பலனில்லையென்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அடுத்தது, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையம். 2 ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது.

“பில் வேண்டாம்னா கொஞ்சம் குறைச்சுக்கலாம்” என்பார்கள். மாற்றிய பாகங்களின் பெயரோடு பில் போடச் சொல்லுங்கள். வழக்கு என்று வந்தால் உங்கள் கையில் இருக்கும் முதல் சாட்சி அதுதான்.