வேலை தேடும் முன்னே ஒரு படி

சென்ற வருடம் ஒரு மத்தியானம், சாப்பாட்டுக் கடை முடிந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். என் நாத்தனார் வந்து சமையலறை வாசலில் நின்றாள். கையில் ஒரு கைக்குட்டை முடிச்சு. பிரித்தால், அவளுடைய கல்யாண வளையல் இரண்டு!

"அண்ணி, இதை அடகு வைக்கணும். அண்ணன்கிட்ட சொல்லாம நீங்க கூட வரணும். 15,000 ரூபாய் கட்டினா ஒரே மாசத்துல ஆபீஸ் வேலை நிச்சயம்னு போன்ல சொல்றாங்க."

அவளுக்கு வயது 37. பி.காம். படித்தவள். கணவர் எலெக்ட்ரிக் சாமான் கடை வைத்திருந்தார். திடீரென்று நெஞ்சுவலியில் போய்விட்டார். கடைச் சரக்கை விற்றது கடன் அடைக்கவே சரியாகப் போயிற்று. எட்டாவது படிக்கும் பெண், ஐந்தாவது படிக்கும் பையன். அந்த வளையல்கள்தான் பெண்ணுக்கென்று மிச்சம் வைத்திருந்தது.

"ரெண்டு நாள் பொறும்மா" என்றேன். வேறு என்ன சொல்வதென்று எனக்கும் தெரியவில்லை.

பக்கத்து வீட்டில் பாங்கிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். விஷயத்தைக் கேட்டதும், "காசு கட்டறதுக்கு முன்னாடி எம்ப்ளாய்மெண்ட் ஆபீசுக்கு ஒரு நடை போய்ட்டு வாங்களேன். அங்கே ஆலோசனை சொல்ல ஆள் இருக்காங்க" என்றார்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. பத்தாவது முடித்ததும் என்னையும் அப்பா அங்கே அழைத்துப்போய்ப் பதிந்தார். அட்டை கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. பதிந்துவிட்டுக் காத்திருக்கும் இடம் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் போன பிறகுதான் தெரிந்தது, அந்த அலுவலகத்தின் பெயரே 'மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம்' என்று. முதல் பாதியைத்தான் நாம் தெரிந்து வைத்திருக்கிறோம்!

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய்களுக்கு வேலை தேடித் தருவதற்காக 1945-ல் ஆரம்பித்தவை இந்த அலுவலகங்கள். பிறகு எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். 1956-ல் நிர்வாகம் மாநிலங்களின் கைக்கு வந்தது. இப்போது பதிவை வீட்டிலிருந்தே இணையத்தில் செய்துகொள்ளலாம். ஆலோசனைக்குத்தான் நேரில் போகவேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது.

"சும்மாத்தான் இருக்கேன்"

வழிகாட்டும் அலுவலர் ஒரு பெண்மணி. முதலில் சான்றிதழ் எதையும் கேட்கவில்லை. "காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் என்ன செய்யறீங்க?" என்றார்.

"சும்மா வீட்லதான் இருக்கேன் மேடம்" என்றாள் இவள்.

அவர் விடவில்லை. கடையில் யார் பில் போட்டது? இவள்தான். ஜி.எஸ்.டி. பில்களை மாதாமாதம் தேதிவாரியாக அடுக்கி ஆடிட்டரிடம் கொடுத்தது? இவள்தான். மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிறீர்களா? ஆறு வருடமாகப் பொருளாளர். 14 பேரின் சேமிப்பு, கடன், வட்டி, பாங்கு வரவு செலவு எல்லாம் இவள் கையெழுத்தில். ஒவ்வொன்றாக எழுதி, காகிதத்தைத் திருப்பிக் காட்டினார்.

"சும்மா இருக்கறவங்க பட்டியலாம்மா இது?"

என் நாத்தனார் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் நிமிர்ந்து உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன்.

இந்த முறை புதிதல்லவாம். 1908-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் இதற்கென்றே ஒரு நிலையம் ஆரம்பித்தார். முதலில் உன்னைத் தெரிந்துகொள், பிறகு வேலைகளைத் தெரிந்துகொள், அப்புறம் இரண்டையும் பொருத்திப் பார் என்பது அவர் வகுத்த வழி. இன்றைக்கும் ஆலோசகர்கள் பலர் இதே வரிசையில்தான் போகிறார்கள்.

கட்டாயம் எது, பயம் எது?

அடுத்து, "உங்களால் முடியாதது என்னென்ன?" என்று எழுதச் சொன்னார். இவள் எழுதினாள்: இரவு ஷிப்ட் முடியாது, ஒரு பஸ்ஸுக்கு மேல் மாற முடியாது, மாதம் 10,000 ரூபாய்க்குக் குறைந்தால் கட்டாது, கம்ப்யூட்டர் தெரியாது, ஆண்கள் மட்டும் இருக்கும் கடையில் உட்கார முடியாது.

"முதல் மூணும் கட்டாயம். அதை வெட்கப்படாம முதல்லயே சொல்லிடணும். வேலையில் சேர்ந்த பிறகு சொன்னா ரெண்டு பேருக்கும் கஷ்டம். கம்ப்யூட்டர் கத்துக்கிட்டா தீர்ந்துடும். கடைசியில இருக்கறதைப் போய்ப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. பார்க்காமலே பயப்பட வேண்டாம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நாமெல்லாம் பயத்தையும் கட்டாயத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்துக்கொண்டு, "நமக்கெங்கே வேலை" என்று சொல்லிவிடுகிறோமே!

பிறகு எங்கள் ஊரில் கணக்கு எழுத ஆள் எடுக்கும் இடங்களைப் பட்டியல் போட்டார்கள். ஆடிட்டர் ஆபீஸ், ஆஸ்பத்திரி பில் கவுண்டர், பள்ளிக்கூட அலுவலகம், மொத்த வியாபாரக் கடைகள். சின்ன இடங்களில் பாதி வேலை விளம்பரத்துக்கே வராமல் வாய்வழியாக நிரம்பிவிடுமாம். ஆகவே தெரிந்தவர்கள் 20 பேரிடம், "கணக்கு எழுதத் தெரியும், வேலை தேடறேன்" என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். பயிற்சி முடிந்ததும், அவர்கள் நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாமுக்கும் வரச் சொன்னார்.

அரசு வேலைக்கும் வழி சொன்னார். டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளுக்கு அங்கே தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவசப் பயிற்சி உண்டு. ஆதரவற்ற விதவைச் சான்றிதழ் இருந்தால் வயது வரம்பில் சலுகையும் உண்டு. "ஆனா அதுக்காகக் காத்திருந்து அடுப்பை அணைச்சுடாதீங்க. அதுபாட்டுக்கு அது, இதுபாட்டுக்கு இது" என்றார்.

மூன்று தரம் கேட்ட கேள்வி

பயோடேட்டா ஒரே பக்கம்தான் இருக்கவேண்டுமாம். மேலே பெயரும் போன் நம்பரும், அடுத்து தெரிந்த வேலைகள், அதன் பிறகே படிப்பு. வேலைக்குப் போகாத வருடங்களை மறைக்காமல் ஒரு வரியில் எழுதவேண்டும்.

அதை எழுதி முடித்ததும், தானே முதலாளி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, "இத்தனை வருஷம் ஏம்மா வேலைக்கு வரலை?" என்று கேட்டார்.

இவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அந்த அம்மாள் தண்ணீர் கொடுத்தார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அதே கேள்வி. குரல் தழுதழுத்தது. மூன்றாவது தரம் கேட்டபோது பதில் வந்தது: "குழந்தைகளை வளர்த்தேன். எங்க கடைக் கணக்கை நான்தான் பார்த்தேன். இப்ப முழு நேரம் வேலை செய்யத் தயாரா இருக்கேன்."

"இவ்வளவு போதும். உங்க துக்கம் உங்களுடையது. அதை இண்டர்வியூவில் எடுத்து வைக்கணும்னு கட்டாயமில்லை" என்றார்.

கடைசியில்தான் அந்த 15,000 விஷயத்தைச் சொன்னோம். "எந்தக் கம்பெனி? என்ன வேலை? எழுத்தில் ஏதாவது கொடுத்தாங்களா?" மூன்றுக்கும் எங்களிடம் பதில் இல்லை. "வேலை கொடுக்கறவங்க நமக்குச் சம்பளம் தருவாங்க, நம்மகிட்ட வாங்க மாட்டாங்க. பணம், அசல் சான்றிதழ், போனில் வர்ற ஓ.டி.பி. நம்பர் மூணையும் யார்கிட்டேயும் கொடுக்காதீங்க" என்றார். போன் வழியாகப் பணம் கொடுத்து ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம் என்றும் குறித்துக் கொடுத்தார்.

அப்புறம் என்ன ஆயிற்று?

மந்திரம் ஒன்றும் நடந்துவிடவில்லை. மூன்று மாதம் பிடித்தது. மாலை வகுப்பில் டாலி கற்றுக்கொண்டாள். அந்த இரண்டு மணி நேரமும் குழந்தைகள் எங்கள் வீட்டில். முதலில் போன ஆடிட்டர் ஆபீசில் "அனுபவம் போதாது" என்றார்கள். ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்ட் கேட்டார்கள். இவளே வேண்டாமென்று வந்துவிட்டாள். குழுவில் ஒரு தோழி சொல்லி, ஒரு ஹார்டுவேர் மொத்தக் கடையில் கேட்டாள். ஆண்கள் மட்டும் இருக்கும் கடைதான்! முதலாளி கேட்ட முதல் கேள்வியே, "இத்தனை வருஷம் என்னம்மா பண்ணினே?" என்பதுதான். பதில்தான் தயாராக இருந்ததே! 11,000 ரூபாய் சம்பளத்தில் சேர்ந்தாள்.

சகோதரிகளே, அந்த அலுவலர் வேலை வாங்கித் தரவில்லை. தரமுடியும் என்று சொல்லவும் இல்லை. அவள் கையிலே இருந்ததை அவள் கண்ணுக்குக் காட்டினார். அதை வாய்விட்டுச் சொல்லப் பழக்கினார். அவ்வளவுதான்.

வேலைக்குப் போகும் எண்ணம் இன்றைக்கு இல்லாதவர்களும் வீட்டிலேயே இவற்றைச் செய்து வைக்கலாம்:

1. ஒரு வாரம், தினமும் செய்கிற வேலைகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். பால் கணக்கு, சீட்டுக் கணக்கு, தையல், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது எதையும் விடவேண்டாம்.

2. எது கட்டாயம், எது பயம் என்று இரண்டு பத்தியாகப் பிரியுங்கள்.

3. சான்றிதழ்களை ஒரே ஃபைலில் போட்டு, இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.

4. வேலைவாய்ப்புப் பதிவு இருந்தால், மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மறக்காதீர்கள்.

நான் கூடத்தான் எழுதிப் பார்த்தேன். பத்தாவதோடு நின்ற எனக்கே ஒன்றரைப் பக்கம் வந்தது!

அந்த வளையல்கள் அடகுக் கடை வாசலை மிதிக்கவே இல்லை. போன பொங்கலன்று என் நாத்தனார் மகள் அவற்றைப் போட்டுக்கொண்டு வந்து, "பெரியா இருக்கு மாமி, கழண்டு கழண்டு விழுது" என்றாள். விழட்டும், கை வளர இன்னும் நாள் இருக்கிறது.