மெட்டார்: விமான நிலைய வானிலைக் குறியீட்டறிக்கையை வாசித்தல்

மெட்டார் என்பது ஒரு விமான நிலையத்தில் குறிப்பிட்ட நேரத்தில் காணப்பட்ட வானிலையைச் சுருக்கக் குறியீடுகளில் தரும் அறிக்கையாகும். காற்று, பார்வைத்தூரம், மழை, மேகம், வெப்பநிலை, அழுத்தம் ஆகிய எல்லாம் பெரும்பாலும் ஒரே வரியில் அடங்கிவிடும். இவ்வறிக்கை பன்னாட்டு அளவில் 1968 சனவரி 1 முதல் வழக்கில் உள்ளது. இந்தியாவில் 1875இல் நிறுவப்பட்ட இந்திய வானிலை ஆய்வுத்துறை இதனை வெளியிடுகிறது. பெரிய நிலையங்களில் அரை மணிக்கு ஒருமுறையும் மற்றவற்றில் மணிக்கு ஒருமுறையும் அறிக்கை வரும். இடையில் வானிலை சட்டென்று மாறினால் 'ஸ்பெசி' என்னும் சிறப்பறிக்கை வெளிவரும்.

தொலைவரி எந்திரங்களின் காலத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் நேரமும் செலவும் ஆயின. ஆகவே அறிக்கை இவ்வளவு சுருக்கமாக அமைந்தது. இன்று அந்தத் தேவை இல்லை. ஆனாலும் எந்த நாட்டு விமானியும் ஒரே பார்வையில் வாசிக்க முடிவதால் குறியீடு நிலைத்துவிட்டது. இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கான எழுத்துத் தேர்வுகளில் வானிலையியல் ஒரு தனித்தாள். தேர்ச்சிக்கு 70 விழுக்காடு வேண்டும். தமிழ்வழியில் படித்துவிட்டு அத்தேர்வுக்குச் செல்லும் மாணவர் முதலில் திகைப்பது இந்தக் குறியீடுகளைக் கண்டுதான்.

காவிரிக்கரையில் ஈரோட்டுக்கு எதிரே உள்ள பள்ளிபாளையத்தில் விமான நிலையம் இல்லை. நேர்கோட்டில் ஏறக்குறைய 60 கி.மீ. வடகிழக்கே காமலாபுரத்தில் சேலம் விமான நிலையமும், 85 கி.மீ. தென்மேற்கே கோயம்புத்தூரும், 125 கி.மீ. தென்கிழக்கே திருச்சிராப்பள்ளியும் உள்ளன. இவ்வூரின் வானிலையை உணர விரும்புவோர் கோவை, திருச்சி அறிக்கைகளைச் சேர்த்து வாசிப்பது பயன் தரும். ஒன்று மேற்கிலிருந்து வருவதைக் காட்டும். மற்றொன்று கிழக்கிலிருந்து வருவதைக் காட்டும்.

ஒரு மாதிரி அறிக்கை

அறிக்கைகள் உரோமன் எழுத்தில் அமைந்தவை. இங்கு அவை ஒலிப்புப்படி தமிழில் தரப்படுகின்றன. கீழ்க்காண்பது விளக்கத்துக்காக அமைத்த மாதிரி. உண்மையான ஒரு நாளின் பதிவு அன்று.

மெட்டார் விஓசிபி 150300இசட் 24014ஜி26கேடி 6000 எஸ்சிடி018 பிகேஎன்080 26/21 க்யூ1009 நோசிக்

இடமும் நேரமும்

'விஓசிபி' என்பது கோயம்புத்தூர். முதல் எழுத்தான 'வி' தெற்காசியாவையும் தென்கிழக்காசியாவின் ஒரு பகுதியையும் குறிக்கும். 'ஓ' தென்னிந்தியா. சென்னை விஓஎம்எம், திருச்சி விஓடிஆர், மதுரை விஓஎம்டி, சேலம் விஓஎஸ்எம். இலங்கைக்கு 'விசி' என்பதால் பலாலி விசிசிஜே ஆகிறது. பயணச்சீட்டில் அச்சாகும் மூன்றெழுத்துக் குறியீடு (சேலத்துக்கு எஸ்எக்ஸ்வி) வேறு வகை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

'150300இசட்' என்றால் 15ஆம் தேதி, உலகப் பொது நேரம் 03.00 மணி. இந்திய நேரம் அறிய ஐந்தரை மணியைக் கூட்ட வேண்டும்: காலை 8.30. நாளிதழ்களில் வரும் மழையளவும் காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரையிலான கணக்கே என்பதை நினைவில் கொண்டால் இந்த நேரம் மறக்காது. தேதியில்தான் பலர் தவறுகின்றனர். 16ஆம் தேதி விடியற்காலை 4 மணிக்கு நம் ஊரில் எடுத்த அறிக்கையில் '152230இசட்' என்றே இருக்கும்.

காற்று

'24014ஜி26கேடி' என்பதில் முதல் மூன்று இலக்கங்கள் காற்று வரும் திசை. வடக்கிலிருந்து வலஞ்சுழியாக எண்ணினால் 90 கிழக்கு, 180 தெற்கு, 270 மேற்கு, 360 வடக்கு. ஆகவே 240 தென்மேற்கை ஒட்டியது. காற்று போகும் திசை அன்று, வரும் திசை. தமிழருக்கு இது புதிதன்று. தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை என்று வரும் திசையைக் கொண்டே பெயர் வைத்தவர்கள் நாம்.

அடுத்த 14 என்பது நாட் அலகில் சராசரி வேகம். ஒரு நாட் மணிக்கு 1.852 கி.மீ. என்பதால் இது சுமார் 26 கி.மீ. 'ஜி26' என்பது வீச்சு. அவ்வப்போது காற்று 48 கி.மீ. வேகத்தையும் தொட்டது என்று பொருள். அசைவற்ற காற்று 00000கேடி எனவும், திசை நிலையில்லாத மென்காற்று 'விஆர்பி' எனவும் எழுதப்படும்.

ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகும் தென்மேற்குக் காற்று கோவை அறிக்கையில் இவ்வாறே தெரியும். கோவையின் ஓடுபாதை 05/23 எனப்படுகிறது. அதாவது ஒரு முனையில் சுமார் 50 பாகையும் மறுமுனையில் 230 பாகையும் நோக்கி அமைந்தது. ஏறத்தாழ அந்தக் காற்றின் போக்கிலேயே உள்ளது. விமானங்கள் எதிர்காற்றில் இறங்குவதையே விரும்பும். எதிர்காற்று தரை வேகத்தைக் குறைத்து, நிற்கத் தேவையான தூரத்தையும் குறைக்கும். பின்காற்று இரண்டையும் கூட்டிவிடும்.

இதன் கனத்தை உணர, 2020 ஆகஸ்டு 7 அன்று துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் கோழிக்கோட்டில் விபத்துக்குள்ளானதைப் பார்க்கலாம். இறங்க அனுமதி தரும்போது கட்டுப்பாட்டுக் கோபுரம் சொன்ன காற்று 250 பாகை, 8 நாட். விமானம் இறங்கியது 10ஆம் எண் ஓடுபாதையில், அதாவது ஏறத்தாழ 100 பாகையை நோக்கி. நேர் பின்புறம் 280 பாகை. காற்று அதிலிருந்து 30 பாகையே விலகி வந்ததால் 8 நாட்டில் ஏறக்குறைய 7 நாட் பின்காற்றாகிறது. தரை தொட்டபோது பின்காற்று அதைவிடக் கூடுதலாக இருந்தது என்று விசாரணை அறிக்கை கூறியது. ஈரமான ஓடுபாதையில் நெடுந்தூரம் கடந்து தரை தொட்ட விமானம், மேட்டுநிலத்தின் விளிம்பைத் தாண்டி விழுந்தது. 21 பேர் உயிரிழந்தனர். காற்று மட்டுமே காரணம் அன்று; இறங்கும் முறையில் நேர்ந்த விதிமீறல்களையே அறிக்கை முதன்மையாகச் சுட்டியது. ஆயினும் 250 என்ற எண்ணையும் 10 என்ற எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் எதற்கு என்பது இதில் விளங்கும்.

ஒரு நுணுக்கம்: மெட்டாரில் திசை உண்மை வடக்கைக் கொண்டு சொல்லப்படும். கோபுரம் வாய்மொழியாகச் சொல்வதும் ஓடுபாதை எண்ணும் காந்த வடக்கைக் கொண்டவை. தமிழ்நாட்டில் இவ்விரண்டுக்கும் வேறுபாடு மிகச் சிறியது.

பார்வைத்தூரமும் நிகழ்வும்

'6000' என்பது மீட்டரில் பார்வைத்தூரம். 9999 என்றால் பத்து கிலோமீட்டரோ அதற்கு மேலோ. அதன்பின் நிகழ்வு வரும்: ஆர்ஏ மழை, டிஇசட் தூறல், டிஎஸ் இடிமின்னல், எஸ்எச் பெருக்கு மழை, எஃப்ஜி மூடுபனி, எச்இசட் வறண்ட புகைமூட்டம். முன்னால் கூட்டல் குறி இருந்தால் கடுமை, கழித்தல் குறி இருந்தால் இலேசு. மென்பனிக்கு 'பிஆர்', புகைக்கு 'எஃப்யூ', ஆலங்கட்டிக்கு 'ஜிஆர்' என்பவை ஆங்கிலம் படித்தவரையும் குழப்பும். அவை ப்ரூம், ஃப்யூமே, க்ரேல் என்னும் பிரெஞ்சுச் சொற்களிலிருந்து வந்தவை. பார்வைத்தூரம் ஆயிரம் மீட்டருக்குக் கீழே போனால் எஃப்ஜி; 1000 முதல் 5000 மீட்டர் வரை பிஆர்.

மேகம்

வானத்தை எட்டுப் பங்காக நினைத்துக்கொண்டு மூடிய பங்கை எண்ணுவர். ஒன்று இரண்டு பங்கு ஃபியூ, மூன்று நான்கு எஸ்சிடி, ஐந்து முதல் ஏழு பிகேஎன், எட்டும் மூடினால் ஓவிசி. பின்வரும் எண் நூறு அடிகளில் உயரம். எஸ்சிடி018 என்றால் 1800 அடி. இது கடல்மட்டத்திலிருந்து அன்று, விமான நிலையத் தரையிலிருந்து. கோவை நிலையமே கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 400 மீட்டரில் உள்ளதால் இந்த வேறுபாடு அற்பமானதன்று.

மேகத்தின் வகை பொதுவாகச் சொல்லப்படுவதில்லை. இடிமேகத்துக்கு 'சிபி', அதை நோக்கி வளரும் கோபுர மேகத்துக்கு 'டிசியூ' ஆகிய இரண்டு மட்டும் விலக்கு. பார்வை பத்து கிலோமீட்டருக்குக் குறையாமல், தாழ்ந்த மேகமும் இடிமேகமும் குறிப்பிடத்தக்க நிகழ்வும் இல்லாதிருந்தால், இந்தப் பகுதிகள் அனைத்துக்கும் பதிலாகக் 'கேவோக்' என்ற ஒரே சொல் வரும்.

வெப்பநிலை, பனிவிழுநிலை, அழுத்தம்

26/21 என்பதில் முன்னது வெப்பநிலை, பின்னது பனிவிழுநிலை. இடைவெளி சுருங்கச் சுருங்கக் காற்றில் ஈரம் நிறைகிறது. மார்கழி விடியலில் 20/20 என்று கண்டு, காற்றும் அசையாதிருந்தால் மூடுபனியை எதிர்பார்க்கலாம். பகலில் எழும் திரள்மேகத்தின் அடியுயரத்தையும் இதிலிருந்து மதிப்பிட முடியும்: ஒரு பாகை இடைவெளிக்குச் சுமார் 400 அடி. மாதிரியில் இடைவெளி 5. பெருக்கினால் 2000 அடி. நோக்கர் எழுதிய 1800 அடிக்கு அது அருகில் வருகிறது.

'க்யூ1009' என்பது கடல்மட்டத்துக்குக் கணக்கிட்ட அழுத்தம், ஹெக்டோபாஸ்கல் அலகில். இந்த எண்ணை விமானி உயரமானியில் வைப்பார். ஒரு ஹெக்டோபாஸ்கல் பிழை ஏறக்குறைய 30 அடி. 1009க்குப் பதிலாக 1019 வைத்தால் உயரமானி சுமார் 300 அடி கூடுதலாகக் காட்டும். விமானமோ விமானி நினைப்பதைவிடத் தாழ்வாகப் பறந்துகொண்டிருக்கும்.

இறுதியிலுள்ள 'நோசிக்', அடுத்த இரண்டு மணி நேரத்தில் பெரிய மாற்றம் எதிர்பார்க்கப்படவில்லை என்கிறது. நிலையாக மாறும் என்றால் 'பெக்மிங்', இடையிடையே சிறிது நேரம் மாறும் என்றால் 'டெம்போ'.

கோடை மாலையின் அறிக்கை

மற்றொரு மாதிரி: விஓடிஆர் 101230இசட் 33018ஜி32கேடி 2500 டிஎஸ்ஆர்ஏ ஃபியூ025சிபி பிகேஎன்090 25/23 க்யூ1007 டெம்போ 1500 +டிஎஸ்ஆர்ஏ.

திருச்சியில் 10ஆம் தேதி மாலை 6 மணி. வடவடமேற்கிலிருந்து 18 நாட் காற்று, 32 வரை வீச்சு. இடியுடன் மழை, பார்வை 2500 மீட்டர். இடிமேகம் ஒன்றிரண்டு பங்குதானே என்று 'ஃபியூ'வைக் கண்டு அமைதி அடைவது தொடக்கநிலையினரின் வழக்கமான பிழை. பங்கு சிறிதானாலும் இடிமேகம் இடிமேகமே. அதன் உள்ளே வலிய ஏறுகாற்றும் இறங்குகாற்றும் உண்டு. சித்திரை, வைகாசியில் பள்ளிபாளையத்தில் பிற்பகல் வெயிலுக்குப் பின் புழுதியோடு திடீரெனக் காற்று திசைமாறி அடிப்பதும் இத்தகைய மேகத்திலிருந்து இறங்கும் குளிர்காற்றுதான்.

பயிலும் முறை

குறியீட்டுப் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட வானத்தைப் பார்த்துத் தாமே ஓர் அறிக்கை எழுதிப் பழகுவது விரைவில் கைகொடுக்கும். பள்ளிபாளையத்தில் காற்றின் திசைக்குச் சைசிங் பட்டறைகளின் புகைபோக்கிகளே போதும். புகை ஈரோட்டுப் பக்கம் சாய்ந்தால் காற்று கிழக்கிலிருந்து வருகிறது. இலைகளும் சிறு குச்சிகளும் ஓயாமல் அசைந்தால் 7 முதல் 10 நாட். புழுதியும் காகிதத் துண்டும் எழுந்து சிறு கிளைகள் ஆடினால் 11 முதல் 16. பார்வைத்தூரத்துக்குத் தொலைவு தெரிந்த அடையாளங்கள் வேண்டும்: ஆற்றுப்பாலத்தின் மறுமுனை, சங்ககிரி மலை, திருச்செங்கோட்டு மலை. எந்த அடையாளம் வரை தெளிவாகத் தெரிகிறது என்று பார்த்து, வரைபடத்தில் தொலைவை அளந்துகொள்ளலாம்.

எழுதி முடித்தபின் அதே நேரத்துக் கோவை, திருச்சி அறிக்கைகளோடு ஒப்பிட வேண்டும். அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவையின் விமான வானிலை மையம் உலக நிலையங்களின் மெட்டார்களை இணையத்தில் கட்டணமின்றித் தருகிறது. குறியீட்டைப் பெயர்த்துத் தரும் வசதியும் அங்கே உண்டு; அதைக் கடைசியில், விடை சரிபார்க்க மட்டும் திறப்பது நல்லது.