எந்தக் கிலோவுக்குக் கட்டணம்?

கனமான பார்சலை அனுப்புவோர் கிலோவுக்கு எவ்வளவு என்று கேட்கின்றனர். எந்தக் கிலோ என்று கேட்பதில்லை. கூரியர் நிறுவனங்கள் பலவும் பெட்டியின் நீள, அகல, உயரங்களைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுக்கின்றன. அதுவோ உண்மை எடையோ, எது அதிகமோ அதற்கே கட்டணம். 60, 50, 40 சென்டிமீட்டர் பெட்டியில் 8 கிலோ துணி இருந்தாலும் 24 கிலோவுக்குச் செலுத்த வேண்டும்!

புத்தகம், இரும்புச் சாமான் போன்றவற்றுக்கு இத்தொல்லை இல்லை. அவசரமில்லையெனில் அவற்றுக்கு லாரி பார்சல் அலுவலகத்தையே நான் பரிந்துரைப்பேன் (கிடங்கிலிருந்து வீட்டுக்கான ஆட்டோ வாடகையையும் கூட்டிக்கொள்ள வேண்டும்).

ஆனால், 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் அதன் விதிகளும் இழப்பீட்டைப் பொதுவாகக் கட்டணத்தின் 10 மடங்குக்குள் நிறுத்துகின்றன. 300 ரூபாய் செலுத்தி அனுப்பிய 20,000 ரூபாய் தையல் இயந்திரம் தொலைந்தால் 3,000 ரூபாய்தான். கூடுதல் இடர்க் கட்டணம் செலுத்தி இவ்வரம்பை உயர்த்த அச்சட்டமே வழிவிடுகிறது. பதிவின்போதே கேட்டு, ரசீதில் மதிப்பை எழுதி வாங்க வேண்டும்.