அளவு மீறும் மரபணு

உயிரணுக்கள் மரபணுக்களின் குறிப்பின்படி புரதங்களை ஆக்குகின்றன. குறிப்பு சரியாக இருந்தும் உப்பு மிகுந்தால் உணவு கெடுவதுபோல, மரபணு பழுதின்றி இருந்தும் அதன் புரதம் மிகுந்தால் கேடு விளையும்.

ஹெர்2 என்னும் மரபணுவுக்கு இயல்பான உயிரணுவில் இரண்டு படிகளே உண்டு. மார்பகப் புற்றுநோயாளர் நூற்றுவரில் 15 முதல் 20 பேரின் கட்டிகளில் அதன் புரதம் மிகுந்திருக்கும்; பெரும்பாலும் படிகள் பலவாகப் பெருகியதே காரணம். 'வளர்க, பிரிக' என்னும் செய்தியை உயிரணுவின் உள்ளே அனுப்புவது அப்புரதத்தின் பணி. செய்தி ஓயாததால் உயிரணுவும் ஓயாமல் பிரிகிறது. (வளர்ச்சியைத் தடுக்கும் மரபணுக்கள் அடங்கிப் போவதாலும் புற்றுநோய் தோன்றும், அது தனிப்பாடம்.)

படிகள் மிகுந்தோர்க்கு நோய் விரைந்து மீள்வதை டென்னிஸ் சுலாமன் குழுவினர் 1987-இல் வெளியிட்டனர். அப்புரதத்தைப் பற்றித் தடுக்கும் டிராஸ்டுசுமாப் மருந்து 1998-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஹெர்2 மிகுதியைச் சோதித்தறிந்த பின்னரே மருத்துவர் இதனைத் தருவர்.