'இ.சி.ஜி நார்மல்' என்றால் மாரடைப்பு இல்லையா?

நள்ளிரவில் அப்பாவுக்கு நெஞ்சு கனக்கிறது. 'ராத்திரி சாப்பிட்ட பரோட்டாதான்' என்று அம்மா ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுக்கிறார். அப்படியும் அடங்காமல் பக்கத்து ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி எடுத்தால், 'நார்மல்'. குடும்பமே நிம்மதியாக வீடு திரும்புகிறது. சிக்கலே இங்கேதான்!

இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் படிந்த கொழுப்புத் திட்டு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைவதால்தான் பெரும்பாலும் மாரடைப்பு வருகிறது. குழாய் முழுவதுமாக அடைத்தால், பொதுவாக இ.சி.ஜி-யிலேயே 'எஸ்.டி' பகுதி மேலே எழும்பிக் காட்டிக்கொடுத்துவிடும். இது 'ஸ்டெமி'.

அடைப்பு முழுமையாக இல்லையென்றால் இ.சி.ஜி ஏமாற்றலாம். கோடுகள் ஒழுங்காக இருக்கும். உள்ளே இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். அதைப் பிடிப்பது ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனை. வலி தொடங்கிய உடனே எடுத்தால் அதுவும் ஏறியிருக்காது. அதனால்தான் சில மணி நேரத்தில் மறுபடி எடுக்கிறார்கள் (பில்லை ஏற்றத்தான் என்று கோபப்பட வேண்டாம்). ஏறியிருந்தால் 'என்-ஸ்டெமி'. ஏறவில்லை, ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்து வந்து போகிறது என்றால் 'அன்ஸ்டேபிள் ஆஞ்சைனா'. தசை இன்னும் சாகவில்லை. ஆனாலும் வீட்டுக்கு அனுப்பக்கூடிய வலி அல்ல.

'பக்கத்து வீட்டுக்காரருக்கு உடனே ஊசி போட்டாங்களே, எங்கப்பாவுக்கு ஏன் போடலை?' ஆஸ்பத்திரி வராந்தாக்களில் அடிக்கடி எழும் சண்டை இது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் அந்த ஊசி ஸ்டெமிக்கு மட்டும்தான். 2 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி செய்ய வழியில்லாத ஊரில் அதுதான் உயிர் காக்கும். மற்ற இரண்டு வகைகளில் அதனால் பலனில்லை, ரத்தக்கசிவு ஆபத்துதான் மிச்சம். அவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுத்துக் கண்காணிப்பார்கள். ஆபத்து அதிகம் என்றால் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம். வலி விடவே இல்லை என்றால் உடனடியாக.

கேத் லேப் இல்லாத ஊர்க்காரர்கள் என்ன செய்வது? தமிழக அரசு 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் டோஸாக 14 மாத்திரைகள் தருகிறார்கள்: ஆஸ்பிரின் 2, க்ளோபிடோக்ரெல் 4, அட்டோர்வாஸ்டேட்டின் 8. எண்ணிக்கையைப் பார்த்து மிரள வேண்டாம், அளவே அவ்வளவுதான்.

சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் வெறும் வியர்வை, மூச்சுத்திணறலாகவும் வரலாம். டூ வீலரில் உட்காரவைத்துக் கொண்டுபோகாமல் 108-ஐ அழையுங்கள். முதலில் எடுத்த இ.சி.ஜி காகிதம் கையில் இருக்கட்டும். அடுத்த ஆஸ்பத்திரியில் புதியதை அதோடு ஒப்பிட்டுத்தான் மாற்றத்தைக் கண்டுபிடிப்பார்கள்.