மண் மூடுமுன் அளப்போம்

புது வீடு எழும்பும்போதே வீட்டுக்காரரும் பாஸும் பேச்சை முறித்துக்கொள்வதை நாம் சப்ரகமுவத் தோட்டங்களில் கண்டிருக்கிறோம். கேகாலை மாவட்டத் தோட்டமொன்றில் நாம் கண்ட பிணக்கு இது.

"அத்திவாரம் முடிஞ்சுது, காசைக் குடுங்க அக்கா" என்றார் பாஸ். "ரெண்டரை அடி பேசினோம். அவ்வளவு வெட்டல்ல" என்றார் வீட்டுக்கார அம்மா. மண் நிரப்பியாயிற்று, உண்மையைக் கண்ணால் காண வழியில்லை. 2016 மே மாதம் புளத்கொஹுபிட்டிய களுபஹனத் தோட்டத்தில் லயன் அறைகள் மண்சரிவில் புதைந்ததை அறிந்தவர் அவர். மலைச்சரிவில் குடியிருப்பவருக்கு ஆழம் வெறும் கணக்கல்ல. பாஸுக்கோ கையாளின் கூலி பாக்கி.

தோட்ட வீடமைப்பில் பணம் பெரும்பாலும் கட்டங்கட்டமாகவே வரும். ஒரு கட்டம் ஒப்புக்கொள்ளப்படாவிட்டால் அடுத்த தவணை நின்றுவிடும். மழையோ காத்திருக்காது.

சங்கத்துப் பெரியவர்கள் இருவரையும் வைத்துக்கொண்டு நான்கு மூலைகளிலும் தோண்டி அளந்தார்கள். மூன்றில் இரண்டரை அடி சரியாக இருந்தது. நான்காவதில் ஒன்றரை அடிதான். அதன் கீழே பாறை. பாஸ் ஏமாற்றவில்லை, ஆனால் பாறை தட்டியபோது யாரையும் கூப்பிட்டுக் காட்டவுமில்லை. தொழில்நுட்ப உத்தியோகத்தர் பாறையைப் பார்த்து ஏற்றுக்கொண்டார். அந்த மூலையில் கட்டாத கல்வேலைக்குரிய தொகை கழிக்கப்பட்டு, மீதி அன்றே கொடுக்கப்பட்டது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியவை:

1. எது "முடிந்த வேலை" என்பதை முதலிலேயே எழுதுவோம்: ஆழம், அகலம், சீமெந்துக் கலவை.

2. அத்திவாரம், கொங்கிறீற்றுக்குள் இருக்கும் கம்பி, நிலத்தடிக் குழாய் ஆகியவற்றை மூடுமுன் இருவரும் அளந்து கையொப்பமிடுவோம்.

3. கழிவைப் பற்றி முன்பே பேசுவோம். 20 அடி நீளம், 10 அடி உயரமான சுவர் 200 சதுர அடி. 3 அடிக்கு 7 அடிக் கதவையும், 4 அடிக்கு 4 அடி ஜன்னலையும் கழித்தால் 163. பூச்சு வேலையில் "ஓரம் பூசவும் நேரம் போகுதே" என்று பாஸ் கேட்பதிலும் நியாயமுண்டு. எந்த முறையில் கணக்கிடுவது என்பதைத் தொடங்குமுன் முடிவு செய்தால் சண்டையில்லை.

4. தகராறான பகுதியை மட்டும் நிறுத்தி, மற்றதைக் கொடுத்துவிடுவோம். கூரை வேலையில் சிறு தொகையை ஒரு மழைக்காலம் பார்த்துக் கொடுப்பதென்றால், அதையும் முன்பே பேசிக்கொள்வோம்.

இதற்கும் தீராவிட்டால் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபை உண்டு. அங்கே சட்டத்தரணி தேவையில்லை. இரு தரப்பும் சம்மதித்தால் மட்டுமே தீர்வு. இல்லையேல் தீராமைச் சான்றிதழுடன் நீதிமன்றம் செல்லலாம். போகும்போது அளவுக் கொப்பியை மறக்காதீர்கள். பாஸ் சிங்களத்திலும் நாம் தமிழிலும் பேசினாலும், இருவரும் ஒப்பமிட்ட அடிக்கணக்கு இருவருக்கும் விளங்கும்.

உங்கள் தோட்டத்தில் இப்போது வீடு கட்டுகிறார்களா? அந்தக் கொப்பி இருக்கிறதா என்று இன்றே கேட்டுப் பாருங்கள்.