தலை அசைவை அளத்தல்: மூளைப் படத்தில் நேரும் பிழையும் அதைத் தடுக்கும் முறைகளும்

திருவனந்தபுரத்தில் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ விஞ்ஞானத் தொழில்நுட்ப நிலையம் அமைந்துள்ளது. 1980ஆம் ஆண்டில் பார்லிமெண்டுச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிலையமாக அது அறிவிக்கப்பெற்றது. அங்கு 1998இல் காக்காய்வலிப்பு நோய்க்கெனத் தனிச் சிகிச்சை மையம் நிறுவப்பெற்றது. கேரளத்தினர் மட்டுமின்றி, கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டத்தினரும் சிகிச்சைக்காக அங்கே செல்கின்றனர்.

வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு மருந்துகளால் நோய் முழுவதும் அடங்குவதில்லை. அவர்களில் சிலருக்கு, வலிப்பு தோன்றும் மூளைப் பகுதியை அறுவைச் சிகிச்சையால் அகற்றினால் குணம் கிடைக்கும். ஆனால் அப்பகுதிக்கு அருகில் பேச்சையோ கையசைவையோ ஆளும் பகுதி இருக்குமாயின், வலிப்பு நீங்கினும் பேச்சு போய்விடக்கூடும். வலக்கைப் பழக்கமுள்ள பெரும்பாலோருக்குப் பேச்சுப் பகுதி மூளையின் இடப்புறத்தில் உள்ளது. இளமையிலேயே வலிப்பு கண்டவர்களுக்கு அது வலப்புறத்திற்கு மாறியிருப்பதும் உண்டு. எனவே கத்தியை எடுக்குமுன் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வரைபடம் தேவைப்படுகிறது.

காந்த அதிர்வுப் படமுறை இதற்கு உதவுகிறது. மூளையின் ஒரு பகுதி வேலை செய்யும்பொழுது அங்கே பிராணவாயு மிகுந்த இரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. அதனால் காந்த சமிக்ஞை சிறிது உயர்கிறது. இவ்விளைவை 1990இல் செய்ஜி ஒகாவா என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் விளக்கினர். நோயாளி அரை நிமிடம் விரல்களைத் தட்டுகிறார். பிறகு அரை நிமிடம் ஓய்ந்திருக்கிறார். இரண்டு மூன்று வினாடிக்கு ஒன்றாக முழு மூளையின் படங்கள் எடுக்கப்படுகின்றன. வேலையின்போது உயர்ந்தும் ஓய்வின்போது தாழ்ந்தும் வரும் புள்ளிகள் எவையென்று கணிப்பொறி தேடுகிறது.

இங்கேதான் தலை அசைவு குறுக்கிடுகிறது. மேற்கூறிய உயர்வு நூற்றுக்குச் சில பங்கே ஆகும். படத்தின் ஒரு சிறு கட்டம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அகலமுள்ளது. தலை 1 மில்லிமீட்டர் நகர்ந்தாலும், ஒரு கட்டத்தின் மூன்றில் ஒரு பங்கு பக்கத்துத் திசுவால் நிரம்பிவிடுகிறது. மூளைத் திசுவும் அதைச் சூழ்ந்த திரவமும் சந்திக்கும் ஓரங்களில் இவ்வேறுபாடு உண்மையான சமிக்ஞையைவிடப் பெரிதாகும்.

அசைவை அளக்க ஆறு எண்கள் போதும். தலை இடம்-வலம், முன்-பின், மேல்-கீழ் என மூன்று திசைகளில் நகரலாம். மூன்று அச்சுகளைச் சுற்றித் திரும்பலாம். ஒவ்வொரு படத்தையும் முதற்படத்தின்மீது பொருத்த எவ்வளவு நகர்த்தவும் திருப்பவும் வேண்டியிருக்கிறது என்று கணிப்பொறி கணக்கிடுகிறது. அந்த அளவே தலையின் அசைவாகும். திரும்புதலை மில்லிமீட்டராக மாற்ற, தலையை 50 மில்லிமீட்டர் ஆரமுள்ள உருண்டையாகக் கொள்வது வழக்கம். அதன் சுற்றளவு ஏறத்தாழ 314 மில்லிமீட்டர். அதை 360ஆல் வகுத்தால் 0.87 கிடைக்கிறது. அதாவது, 1 டிகிரி திரும்பினால் மேற்பரப்பு ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர் நகரும். உயர்நிலைப் பள்ளி மாணவர் கரும்பலகையிலேயே இதைச் சரிபார்க்கலாம்.

அசைவின் அளவைக் காட்டிலும் அது நேரும் காலமே சில சமயம் முக்கியமாகிறது. விரல் தட்டும்போதெல்லாம் தலையும் சற்று ஆடினால், அந்த ஆட்டமும் வேலையின் தாளத்திலேயே அமைந்துவிடும். கணிப்பொறி அதை மூளையின் வேலையென்று தவறாகக் கொள்ளும். வாய்விட்டுப் பேசினால் தாடையோடு தலையும் அசையுமாதலால், பேச்சுப் பரிசோதனையில் சொற்களை மனத்திற்குள்ளேயே நினைக்கும்படி பெரும்பாலும் கூறுகின்றனர். திருவனந்தபுரம் நிலையத்தின் மருத்துவர்கள், வலிப்பு நோயுள்ள குழந்தைகளிடம் அறுவைக்கு முன் இப்பரிசோதனையை உடனுக்குடன் கணித்துப் பார்க்கும் முறையைப் பற்றி 2007இல் கட்டுரை வெளியிட்டனர். குழந்தை கருவிக்குள் இருக்கும்போதே அசைவு தெரிந்துவிட்டால், அப்பொழுதே பரிசோதனையை மீண்டும் செய்ய இம்முறையில் வாய்ப்பு உண்டு.

அளவையில் நேரும் சிறு பிழை எத்துணைத் தூரம் செல்லும் என்பதை 2012இல் விஞ்ஞான உலகம் உணர்ந்தது. குழந்தைகளின் மூளையில் தொலைவான பகுதிகளுக்கிடையே தொடர்பு குறைவு, அண்மைப் பகுதிகளுக்கிடையே மிகுதி என்றும், வயது ஏற ஏற இது மாறுகிறது என்றும் அதற்குமுன் கருதப்பட்டது. அமெரிக்காவின் மூன்று ஆராய்ச்சிக் குழுக்கள் தலை அசைவுக் கணக்கை மீண்டும் ஆராய்ந்தன. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த அசைவே இத்தகைய தோற்றத்தை உண்டாக்க வல்லது என்று அவை கண்டன. சிறுவர்கள் பெரியவர்களைவிட அதிகம் அசைவதால், வளர்ச்சியின் விளைவென்று எண்ணியதில் ஒரு பகுதி அசைவின் விளைவாயிற்று. அவற்றுள் செயின்ட் லூயிஸ் நகரக் குழுவினர் சிலர் தாமே முன்னர் வெளியிட்ட முடிவுகளையும் இவ்வாறு சோதனைக்கு உட்படுத்தினர்.

கணக்கால் திருத்துவதற்கும் எல்லை உண்டு. அசைவு மிகுந்த படங்களை விலக்கவே வேண்டும். ஆகவே முதலிலேயே தடுப்பது மேல். தலையின் இருபுறமும் மெத்தென்ற பஞ்சுத் திண்டுகள் வைக்கப்படுகின்றன. சில ஆராய்ச்சிக்கூடங்களில் குழந்தைகளைப் போலிக் கருவியில் படுக்கவைத்துப் பழக்குகின்றனர்.

இப்பணியில் ஆசிரியர்களுக்கும் கிராமச் சுகாதார ஊழியர்களுக்கும் பங்குண்டு. படம் எடுக்கும்போது வலி ஏற்படாது என்பதையும், கருவி உரத்த ஓசை எழுப்பும் என்பதையும், சில நிமிடங்கள் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்பதையும் குழந்தைக்கும் பெற்றோருக்கும் முன்கூட்டியே எடுத்துரைக்கலாம். அச்சம் நீங்கிய குழந்தை அமைதியாகப் படுத்திருக்கும். அக்குழந்தையின் பேச்சைக் காக்கும் வரைபடம் அந்தச் சில நிமிட அமைதியில்தான் உருவாகிறது.